நாலு நிமிஷக் கல்

பெட்டிக்காரர் மனிதர்களைப் படமெடுத்துத்தான் சாப்பிட்டு வந்தார். அதனால்தானோ என்னவோ, மனிதர்கள் என்றாலே அவருக்கு ஆகாது. ஸ்டூடியோவில் நீலத் திரைக்கு முன்னால் ஒரு முக்காலி, காலையிலிருந்து அதன்மேல் ஒன்று மாற்றி ஒன்றாக முகங்கள். "காது தெரியணும். கண்ணாடியைக் கழட்டுங்க. தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, இவ்வளவு வேண்டாம்." பாஸ்போர்ட் சைஸ், எட்டு காப்பி. அவர் மனைவி கவுன்ட்டரில் உட்கார்ந்து அதை வெட்டி உறையில் போட்டுக் கொடுப்பாள். இது பிழைப்பு.

தவம் வேறு. தவத்துக்கென்று அவரிடம் ஒரு மரப்பெட்டிக் கேமரா இருந்தது. ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக விரியும். முன்னால் லென்ஸ், பின்னால் சொரசொரப்பான ஒரு கண்ணாடி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் உலகம் அந்தக் கண்ணாடியில் தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃபிலிம் தகடு, அதில் ஒரே ஒரு படம், அதுவும் கறுப்பு வெள்ளை. அந்தப் பெட்டியைத் தோளில் சுமந்து காடு மேடெல்லாம் அலைந்ததில் ஊர் அவருடைய பெயரை மறந்துவிட்டது. பெட்டிக்காரர் என்றால்தான் தபால்காரருக்கே தெரியும்.

தவத்துக்கு இரண்டு விரதங்கள். ஒன்று, படத்தில் மனிதன் இருக்கக் கூடாது. ஆள் மட்டுமல்ல, ஒற்றையடிப் பாதை, வேலிக் கம்பி, தண்ணீர் பாட்டில் மூடி எதுவும் கூடாது. இரண்டு, அச்சான படத்தில் கை வைக்கக் கூடாது. விழுந்தது விழுந்ததுதான். புகைப்படக் கழகத்தில் ஒருவர் வானத்தில் ஓடிய மின்கம்பியைச் சின்னத் தூரிகையால் மைதொட்டு மறைத்துவிட்டார் என்பதற்காக, பெட்டிக்காரர் எழுந்து நின்று உண்மை, ஒளி, துரோகம் ஆகிய மூன்று தலைப்புகளில் பேசினார். டீ ஆறிப்போகும் வரை பேசினார். அன்றிலிருந்து அந்த மனிதருக்குக் 'கம்பி அழிச்சவர்' என்று பெயர் நிலைத்துவிட்டது. பாவம், நல்ல மனிதர்.

இப்படிப்பட்டவருக்கு அறுபதை நெருங்கும் வயதில் முதல் தனிக் கண்காட்சி வாய்த்தது. தலைப்பு 'மனிதனுக்கு முன்'. நடுநாயகமாக ஒரு ஓடைப் படம். விடிவதற்குச் சற்று முன் எடுத்தது. வெளிச்சம் போதாததால் ஷட்டரை நாலு நிமிஷம் திறந்து வைத்திருந்தார். அவ்வளவு நேரம் திறந்திருந்தால் ஓடுகிற தண்ணீர் படத்தில் ஓடாது. பஞ்சு மாதிரி, மூட்டம் மாதிரி படிந்து நிற்கும். குறுக்கே யார் நடந்து போனாலும் படத்தில் விழமாட்டார்கள். அசையாதது மட்டும்தான் மிஞ்சும். இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். படத்தில் ஒரு பட்ட மரம், பெரிய பாறைகள், இடது ஓரம் எள் அளவுக்கு ஒரு கல். "அந்தக் கல்லை எடுத்துட்டா படமே ஒரு பக்கமா சாஞ்சிரும்" என்று கழகத்தில் அந்த எள்ளைப் பற்றி மட்டும் தனியாக ஒரு மாலை பேசியிருக்கிறார்.

கண்காட்சிக்காக அதைச் சுவரளவுக்குப் பெரிதாக்கச் சொன்னார்கள். பெரிய காகிதச் சுருளில் கடைசியாக மிஞ்சியிருந்த துண்டு அந்த ஒரு படத்துக்குத்தான் காணும். இருட்டறையில் அவரும் மைத்துனனும் வியர்க்க விறுவிறுக்க அச்சடித்து, கழுவி, காயவைத்து, ஸ்டூடியோச் சுவரில் மாட்டினார்கள். கவுன்ட்டரிலிருந்து கத்தரிக்கோலும் கையுமாக மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நல்லாருக்குங்க. யாரு அது உக்காந்திருக்கிறது?"

பெட்டிக்காரருக்குக் கேள்வி புரியவில்லை. "எங்க உக்காந்திருக்கு?"

"இதோ, இங்க."

கத்தரிக்கோல் முனை காட்டிய இடத்தில் அவருடைய கல் இருந்தது. எள்ளாக இருந்தது இப்போது கட்டைவிரல் நகம் அளவுக்கு வளர்ந்திருந்தது.

"அது கல்லு."

"கல்லுக்கு முட்டி இருக்குமா?"

அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துவந்து கண்ணில் வைத்து, சுவரோடு சுவராக ஒட்டினார். முட்டி மாதிரியும் இருந்தது. பாறையின் மடிப்பு மாதிரியும் இருந்தது. மேலே கறுப்பாக ஒரு உருண்டை. தலையாக இருக்கலாம். பாசியாகவும் இருக்கலாம். கொஞ்சம் தள்ளிப் போனால் கல்; கிட்டப் போனால் ஆள்; இன்னும் கிட்டப் போனால் ஒன்றுமே இல்லை, வெறும் பொடிப்பொடியான புள்ளிகள்.

"குரங்கு அத்தான்" என்றான் மைத்துனன். "சந்தேகமே வேண்டாம். அந்தப் பக்கம் நெறைய சுத்தும்."

"குரங்கு நாலு நிமிஷம் ஆடாம உக்காந்திருக்குமாடா?"

"வயசான குரங்கா இருக்கும்."

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அது ஆள் என்றால் முதல் விரதம் போச்சு. கண்காட்சிக் கூடத்தின் வாசல் சுவரிலேயே 'இந்தப் படங்களில் மனிதன் இல்லை' என்று முழம் முழமாக எழுத்து ஒட்டியாகிவிட்டது. சரி, ஒரு சொட்டு மையால் ஆளை மறைத்துவிடலாம் என்றால் இரண்டாவது விரதம் போச்சு. கம்பி அழிச்சவர் முகத்தில் எப்படி விழிப்பது? படத்தையே எடுத்துவிடலாம் என்றால் நடுச்சுவர் காலி. ஆக, மூன்று பக்கமும் அடைத்துவிட்டது. திறந்திருந்த ஒரே வழி, அது கல்லாக இருந்து தொலைக்க வேண்டும் என்பதுதான்.

எனவே கடைக்கு வந்தவர்களையெல்லாம் பிடித்தார். முதலில் படம், பிறகு பரீட்சை. ஓய்வூதியத்துக்குப் படமெடுக்க வந்த பெரியவர், "யாரோ துணி துவைக்கிறாங்க" என்றார். வேலைக்கு விண்ணப்பிக்க வந்த பெண், "அதை விடுங்க சார், என் படத்துல காது தெரியுதா?" என்று கேட்டாள். ஒரு போலீஸ்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவனை எங்கயோ பாத்திருக்கேன்" என்றார். அன்று முழுக்க ஐந்து பேர் கல் என்றார்கள், ஐந்து பேர் ஆள் என்றார்கள், ஒருவர் கரடி. கரடி என்றவரிடம் பெட்டிக்காரர் மறுபடி கேட்டார். "அப்போ பை" என்றார் அவர்.

கண்காட்சியை நடத்துகிற அம்மா நேரிலேயே வந்தார். ஊரில் அவரைக் கேலரி அம்மா என்பார்கள். படத்தின் முன் நின்று கண்ணை மூடிக்கொண்டார். படத்தைப் பார்க்க அதுதான் சிறந்த வழி என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"இந்த வெறுமை... அப்பப்பா" என்றார்.

பெட்டிக்காரர் துணிந்து கேட்டுவிட்டார். "மேடம், இந்த ஓரத்துல பாருங்க. இதைப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது?"

கேலரி அம்மா கண்ணைத் திறந்தார். "ஒரு கேள்வி தோணுது."

"என்ன கேள்வி?"

"அதைத்தானே சார் நீங்க படமா கேட்டிருக்கீங்க?"

பெட்டிக்காரர் எதைக் கேட்டோம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, வெள்ளிக்கிழமை காலையில் வண்டி வரும் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போய்விட்டார்.

"இப்படி ஊரைக் கூட்டி ஓட்டெடுக்கிறதுக்கு, நேராப் போய்ப் பாத்துட்டு வந்துரலாமே" என்றாள் மனைவி. "கல்லுன்னா அங்கயேதானே இருக்கும்? அதுக்கென்ன காலா இருக்கு?"

இருபது வருஷம் ஒளியைத் தியானித்தவருக்கு இது தோன்றவில்லை. மறுநாள் கடைக்கு விடுமுறை விட்டு, மூவரும் மைத்துனனின் சரக்கு வேனில் கிளம்பினார்கள். பெட்டி, அதை நிறுத்தும் முக்காலி, அந்தப் படத்தின் சின்ன அச்சு ஒன்று, மனைவி கட்டிய மதியச் சாப்பாடு எல்லாம் பின்னால் ஆடிக்கொண்டு வந்தன.

ஓடை அப்படியே இருந்தது. பட்ட மரமும் இருந்தது. பெட்டிக்காரர் பழைய இடத்திலேயே பெட்டியை நிறுத்தி, பாறையும் மரமும் சின்ன அச்சோடு ஒத்துப்போகும் வரை நகர்த்தி நகர்த்திச் சரிபார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, கல் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். அங்கே கல் இல்லை. ஆசனம் மாதிரித் தட்டையான ஒரு பாறை இருந்தது. அதன்மேல் ஒன்றும் இல்லை.

"மழையில உருண்டு போயிருக்கும்" என்றார்.

"போயிருக்கும், போயிருக்கும்" என்று மைத்துனன் ஆறுதல் சொன்னான். துக்க வீட்டில் சொல்கிற குரல்.

"இரு. இடம் சரியான்னே தெரியல. நீ அங்க போய் நில்லு, நான் கண்ணாடியில பாத்துச் சொல்றேன்."

மைத்துனன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையோரமாகப் போனான். பெட்டிக்காரர் கறுப்புத் துணிக்குள் புகுந்தார். கண்ணாடியில் மைத்துனன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வானத்தின்மேல் நடந்தான்.

"இடது பக்கம் போ!"

மைத்துனன் போனான்.

"டேய், இடதுன்னேன்!"

"இதுதான் அத்தான் இடது!"

"அது உன் இடது. எனக்கு இடது பக்கம்!"

"உங்க இடதா, பெட்டியோட இடதா?"

"பெட்டி மாத்திக் காட்டும். அதனால வலதுன்னு தெரியறது இடது. ஆனா நீ என்னைப் பாத்து நிக்கிற. அதனால உனக்கு அது... இரு, யோசிக்க விடு."

"யோசிங்க. தண்ணி சில்லுனு இருக்கு, சீக்கிரம் யோசிங்க."

போ, வா, இல்லை, அந்தப் பக்கம், ஐயோ எந்தப் பக்கம் என்று மைத்துனனை ஓடையின் இரண்டு கரைக்கும் அலைக்கழித்த பிறகு, ஒரு வழியாகக் கண்ணாடியில் அவன் கல்லின் இடத்துக்கு வந்து சேர்ந்தான். தட்டைப் பாறைமேல் ஏறி, களைப்பில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான்.

பெட்டிக்காரர் கண்ணாடியைப் பார்த்தார். சின்ன அச்சைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதையும் பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

அப்போதுதான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். "அட, அது நீங்க உக்கார்ற பாறைல்ல?"

"நான் எங்க உக்காந்தேன்?"

"எப்பவும் உக்காருவீங்களே. ஷட்டரைத் திறந்து விட்டுட்டு, 'நான் இயற்கையோட இருக்கேன், யாரும் பேசாதீங்க'ன்னு போய்க் கண்ணை மூடிக்குவீங்களே. அன்னைக்கும் அங்கதான் போனீங்க. கடியாரத்தைப் பாத்து மூடச் சொல்லிட்டுப் போனீங்க. நாந்தான் மூடினேன்."

"உக்காந்தேன். இல்லேங்கல. ஆனா படத்துக்கு வெளியில உக்காந்தேன். அந்தப் பக்கம் பாறைக்கு முன்னாடியே படம் முடிஞ்சிருதுன்னு நல்லாப் பாத்துட்டுத்தான்..."

"எதுல பாத்தீங்க? கண்ணாடியிலயா?"

கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும் என்பது பெட்டி வாங்கிய முதல் வாரத்திலேயே பழகிவிடுகிற விஷயம். புதிதாக வந்தவன் திருப்பிப் போட மறந்து தவறு செய்வான். பெட்டிக்காரருக்குத் திருப்பிப் போடுவது ரத்தத்தில் ஊறிவிட்டது. அன்றைக்கு மனசு தானாகவே ஒரு முறை திருப்பிவிட்டிருக்கிறது. அது தெரியாமல் அவர் பொறுப்பாக இன்னொரு முறையும் திருப்பிப் போட்டிருக்கிறார். இருபது வருஷ அனுபவம் இல்லாத ஒருவரால் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது.

"அப்போ குரங்கு இல்லையா?" என்று பாறைமேலிருந்து மைத்துனன் கத்தினான்.

திரும்பி வரும் வழியெல்லாம் பெட்டிக்காரர் யோசித்துக்கொண்டே வந்தார். மனிதன் காலடி படாத உலகத்தைத் தேடி இருபது வருஷம் அலைந்து, கடைசியில் அதன் நட்டநடுவில் போய் உட்கார்ந்து அதைக் கெடுத்தது தானேதானா? தன்னையே ஒரு மாலை முழுக்கக் கல் என்று புகழ்ந்திருக்கிறோமா? தான்தான் என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லையே, முகம் தெரியவில்லையே? வேன் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் அவருடைய முடிவும் ஒரு முறை புரண்டது.

ஆனால் வீட்டுக்குள் நுழையும்போது முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. மனைவிக்கு அந்தத் தெளிவைத் தெரியும். அவளுக்குப் பயமாக இருந்தது.

"யோசிச்சுப் பாத்தியா?" என்றார். "நாலு நிமிஷம். துளி ஆடியிருந்தாலும் உருவம் கரைஞ்சு புகையாப் போயிருக்கும். அவ்வளவு கூர்மையா விழுந்திருக்குன்னா, மூச்சே விடாம உக்காந்திருக்கேன்னு அர்த்தம். பாறையோட பாறையா ஆயிட்டேன். அப்படிப் பாத்தா அது மனுஷன்னே சொல்ல முடியாது."

"அப்படியே வெச்சுக்குவோம்" என்றாள் மனைவி.

விரதம் முறியவில்லை, முற்றிவிட்டது என்று ஆகிவிட்டது. படத்தை அப்படியே மாட்டுவதென்று முடிவு செய்தார். யாராவது கேட்டால் நிதானமாக, கொஞ்சம் வெட்கத்தோடு, உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் எண்ணினார். தியானத்தின் நேரடிச் சாட்சி. எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கண்ணாடி முன் நின்று, அந்த வெட்கத்தை ஒரு தடவை ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை வண்டிக்காகக் காத்திருக்கும்போது, மைத்துனன் சும்மா இருக்கமாட்டாமல் உருப்பெருக்கியை எடுத்து அந்த மூலையில் வைத்துப் பார்த்தான்.

"அத்தான்."

"என்ன?"

"தலை சாஞ்சிருக்கே."

"என்ன சாஞ்சிருக்கு?"

"தோள்மேல சாஞ்சிருக்கு. வாயும் லேசாத் தொறந்த மாதிரி... சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நீங்க தூங்கியிருக்கீங்க."

பெட்டிக்காரர் உருப்பெருக்கியைப் பிடுங்கினார். பார்த்தார். கழுத்து ஒரு பக்கமாக வாகாகச் சரிந்து, தலை தோளில் படுத்திருந்தது. பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தவன் தூங்குகிற அதே சாய்வு. இப்போது யார் பார்த்தாலும் அது ஆள்தான். கல்லுக்குத் தூக்கம் வராது.

"அதான் ஆடலை" என்று உள்ளேயிருந்து மனைவி குரல் மட்டும் வந்தது.

வெளியே வண்டியின் ஹாரன் கேட்டது. மைத்துனன் கதவைத் திறக்கப் போனான். அதன் பிறகு நடந்தது தனக்குச் சரியாக நினைவில் இல்லை என்று பெட்டிக்காரர் பின்னாளில் சொல்வதுண்டு. நாமும் வற்புறுத்த வேண்டாம். சவரப் பிளேடு ஒன்றை உடைத்து, அதன் முனையால் சாய்ந்திருந்த தலையைச் சுரண்டி எடுத்தார். ஒற்றை மயிர்த் தூரிகையை நாக்கில் நனைத்து, மையில் தொட்டு, கழுத்துக்கு நேர் மேலே, முதுகெலும்புக்குச் செங்குத்தாக, கம்பீரமாக ஒரு தலையை நிமிர்த்தி வைத்தார். மறைப்பதற்காக அல்ல, ஐயா. திருத்தம். நடந்திருக்க வேண்டியதை நடந்ததாகக் காட்டுவது.

மனைவி வந்து பின்னால் நின்று பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல. இப்போ கல்லு மாதிரியே இருக்கு."

அவர் தள்ளி நின்று பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். அவள் சொன்னது நிஜம். அந்த உருவத்தில் இருந்த மனுஷத்தனமெல்லாம் அந்தச் சாய்வில்தான் இருந்திருக்கிறது. தலை நிமிர்ந்ததும் அது கூம்பாகி, முட்டி மடிப்பாகி, ஒரு நல்ல, கச்சிதமான, அமைதியான கல்லாகிவிட்டது. இத்தனை நாளாக எதற்காக ஏங்கினாரோ அதேதான். அதற்காக அவர் சந்தோஷப்பட வேண்டும். ஏன் சந்தோஷம் வரவில்லை என்று அவருக்கு விளங்கவில்லை. அதற்குள் நான்கு பேர் வந்து படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

திறப்பு விழாவுக்குக் கூட்டம் வந்தது. 'இந்தப் படங்களில் மனிதன் இல்லை' என்ற எழுத்துக்குக் கீழே நின்று ஆளாளுக்குத் தங்களைப் படமெடுத்துக்கொண்டார்கள். கேலரி அம்மா கண்ணை மூடிக்கொண்டே விருந்தினர்களை அழைத்துவந்து காட்டினார். பெட்டிக்காரர் ஓடைப் படத்தின் பக்கத்தில் காவல் மாதிரி நின்றார். ஒருவரும் மூலையைப் பற்றிக் கேட்கவில்லை.

"அந்த ஓரத்தைப் பாத்தீங்களா?" என்று அவரே ஒருவரிடம் கேட்டார்.

"கல்லுதானே? பாத்தேன்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"கல்லுதான் சார்" என்று அவர் அழுத்திச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கம்பி அழிச்சவரும் வந்திருந்தார். எந்தக் கசப்பும் இல்லாத மனிதர். படத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கையடக்க உருப்பெருக்கியை எடுத்து, நேராக அந்த மூலைக்கே போனார். பெட்டிக்காரருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அது மாட்டிக்கொள்வோமோ என்ற பயமா, ஒருவராவது கண்டுபிடித்துவிடுவார் என்ற ஆசையா என்று அந்த நெஞ்சுக்கே தெரியவில்லை.

"நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதாங்க" என்றார் கம்பி அழிச்சவர். "இந்தக் கல்லு இல்லாட்டி படம் சாஞ்சிரும். என்ன ஒரு நிதானமான கல்லு!"

"கல்லுன்னா சொல்றீங்க?"

"பின்ன?" அவர் மறுபடி குனிந்தார். "ஆனா ஒரு குறை. கல்லுக்குப் பக்கத்துல வெள்ளையா ஒரு புள்ளி. தூசி விழுந்திருக்கு போல. ஒரு சொட்டு மை வெச்சா மறைஞ்சிரும்." பிறகு சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சிருங்க. உங்ககிட்டப் போய்ச் சொல்றேன் பாருங்க. நீங்கதான் தொடவே மாட்டீங்களே."

சாய்ந்திருந்த தலையைச் சுரண்டி எடுத்த இடம் அது. பெட்டிக்காரர் வாயைத் திறந்தார். அது தூசி இல்லை என்று சொன்னால் தொட்டதைச் சொல்ல வேண்டும். தொட்டதைச் சொன்னால் எதைத் தொட்டோம் என்று சொல்ல வேண்டும். எதை என்று சொன்னால் யாரை என்று வரும். யாரை என்று வந்தால் தூங்கினதும் வரும். எந்த முனையில் பிடித்து இழுத்தாலும் முழு நூலும் கழன்று வரும்போல இருந்தது.

"தூசிதாங்க" என்றார். "இருந்துட்டுப் போகட்டும்."

"அதான் நீங்க" என்று கம்பி அழிச்சவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்கூடக் கொஞ்சம் கலங்கியிருந்தது.

அவர் போனதும் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி வந்து நின்றார்கள். மரத்தைப் பார்த்தார்கள், தண்ணீரைப் பார்த்தார்கள், அடுத்த படத்துக்கு நகரப் பார்த்தார்கள்.

"அவசரமில்லேன்னா," என்றார் பெட்டிக்காரர், "அந்த ஓரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்களேன்."